டிசம்பரில் ஓடியது மார்ச்சில் ஏன் எண்ணப்படுகிறது? அமெரிக்கக் கல்லூரிகளின் உள்ளரங்குப் பருவம்

உங்களோடு பள்ளியில் ஓடிய யாராவது இப்போது அமெரிக்கக் கல்லூரியில் படிக்கிறாரா? அப்படியென்றால் டிசம்பர் முதல் வாரத்தில் அவருடைய இன்ஸ்டகிராமில் ஒரு படம் வந்திருக்கும். வெளியே பனி. உள்ளே பெரிய கூடம், அதற்குள் சின்னதாக ஓர் ஓடுதடம், கல்லூரிச் சட்டையில் நம்ம ஆள். கீழே ஒரு நேரம், பக்கத்தில் தீப்பிழம்பு ஈமோஜி.

முடிவுகளைத் தேடிப் பார்த்தால் அவர் ஒன்பதாவதாக வந்திருப்பார். ஒன்பதாவதா வந்ததுக்கா இவ்வளவு கொண்டாட்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம்.

கொண்டாட்டத்துக்குக் காரணம் இருக்கலாம். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் யார் முதலில் வந்தார் என்பதைவிட எந்த நேரத்தில் ஓடினார், எந்தத் தடத்தில் ஓடினார் என்பதுதான் பெரிய விஷயம். அது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு கல்வியாண்டு, மூன்று பருவங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைப் பெரும்பாலும் நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. அதன்கீழ் மூன்று பிரிவுகள் உண்டு. பிரிவு 1-இல் பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய பணம். பிரிவு 2-இல் சற்றுச் சிறிய கல்லூரிகள். பிரிவு 3-இல் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது.

திடல்தட வீரர்களுக்கு ஒரு கல்வியாண்டில் மூன்று பருவங்கள் வரும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நெடுந்தூர ஓட்டக்காரர்கள் புல்வெளியிலும் மண்ணிலும் கிராஸ் கண்ட்ரி ஓடுவார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ளரங்கு. அதன் பிறகு ஜூன் வரை திறந்தவெளி.

உள்ளரங்குப் பருவத்தின் ஓட்டம் விட்டுவிட்டுத்தான் போகும். டிசம்பர் தொடக்கத்தில் ஒன்றிரண்டு போட்டிகள். அடுத்து செமஸ்டர் தேர்வு, கிறிஸ்துமஸ் விடுமுறை. பல குழுக்கள் ஜனவரி நடுவில்தான் முழுமையாகத் திரும்பி வரும். பிப்ரவரி கடைசியில் கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகளின் வெற்றியாளர் போட்டிகள். மார்ச் இரண்டாவது வாரயிறுதியில் தேசிய வெற்றியாளர் போட்டி. ஆண்களுக்கான முதல் தேசிய உள்ளரங்குப் போட்டி 1965-இல் டெட்ராய்ட் நகரில் நடந்தது. பெண்களுக்கு என்சிஏஏ அதைத் தொடங்கியது 1983-இல்.

நமக்கு இந்தப் பருவமே அந்நியம். காலாங்கிலும் புக்கிட் ஜாலிலிலும் டிசம்பரில் மழைதான் பிரச்சினை, குளிர் இல்லை. மின்னசோட்டாவிலோ மாசசூசெட்ஸிலோ ஜனவரியில் வெளியே வேகமாக ஓட முடியாது. தசை பிடித்துக்கொள்ளும், தடத்தின்மேல் பனி உறைந்திருக்கும். கூரைக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான் உள்ளரங்கு ஓட்டம்.

200 மீட்டர் தடம் என்ன செய்கிறது?

திறந்தவெளித் தடம் ஒரு சுற்று 400 மீட்டர். உள்ளரங்கில் வழக்கமான சுற்று 200 மீட்டர்தான். பாதிச் சுற்று என்றால் வளைவுகளும் நெருக்கம். வேகமாக ஓடுகிறவரை அந்த வளைவு வெளிப்பக்கம் தள்ளும். அதனால் நல்ல உள்ளரங்குத் தடங்களில் வளைவை வெளிப்பக்கம் உயர்த்திச் சாய்வாகக் கட்டுவார்கள், சைக்கிள் பந்தயத் தடம் மாதிரி. சமதளமாகவே விட்டுவிட்ட தடங்களும் உண்டு. இன்னும் சில கல்லூரிகளில் அமெரிக்கக் காற்பந்துப் பயிற்சிக் கூடத்தைச் சுற்றி 300 மீட்டருக்கு மேல் போகும் பெரிய தடங்கள் இருக்கின்றன. சியேட்டலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டெம்ப்ஸி கூடம் அப்படிப்பட்டது. சாய்வு, சமதளம், பெரியது என்ற இந்த மூன்று வகையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

இடம் குறைவு என்பதால் போட்டிகளும் மாறுகின்றன. 100 மீட்டர் கிடையாது, 60 மீட்டர்தான். நல்ல ஆண் ஓட்டக்காரருக்கு ஆறரை விநாடி வேலை. கோட்டைத் தாண்டியதும் நிற்க இடமில்லாமல் சுவரில் சாய்த்திருக்கும் மெத்தையில் போய் மோதுவார்கள். ஈட்டி, வட்டு, சம்மட்டி எறிதல் எதுவும் இல்லை. கூரையும் சுவரும் தாங்காது. சம்மட்டிக்குப் பதிலாக ஆண்கள் 35 பவுண்டும் பெண்கள் 20 பவுண்டும் எடையுள்ள குட்டைக் கைப்பிடி வைத்த குண்டைச் சுழற்றி எறிவார்கள். தொடர் ஓட்டத்தில் 4x400 உண்டு. அதோடு நால்வரும் வெவ்வேறு தூரம் ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம் ஒன்றும் இருக்கிறது: 1,200, 400, 800, 1,600 மீட்டர். தேசியப் போட்டியில் ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 17 போட்டிகள்.

இதில் 200 மீட்டர் ஒரு வம்பான ஓட்டம். உள்தடத்தில் ஓடுகிறவருக்கு வளைவு மிகவும் நெருக்கம், வெளித்தடத்தில் இருப்பவருக்கு அனுகூலம். இது நியாயமில்லை என்பதால் 2004-க்குப் பிறகு உலக உள்ளரங்கு வெற்றியாளர் போட்டியிலிருந்து 200 மீட்டரை எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் இன்னும் விடவில்லை. உங்கள் நண்பருக்கு முதல் தடம் கிடைத்திருந்தால் அவர் நேரத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்படலாம்.

காற்றும் ஒரு சிக்கல். குளிர்காலத்தில் சூடாக்கப்பட்ட கூடத்தில் காற்று வறண்டிருக்கும். 3,000 மீட்டர், 5,000 மீட்டர் ஓடியவர்கள் மணிக்கணக்கில் இருமுவதைப் பார்க்கலாம். நம் ஈரப்பதமான காற்றில் வளர்ந்தவர்களுக்கு அந்த இருமல் புதுசாக இருக்கும்.

ஜெயிப்பதற்கும் தகுதி பெறுவதற்கும் சம்பந்தம் குறைவு

இதுதான் முக்கியமான இடம்.

நம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் எப்படி? தகுதிச் சுற்றில் முந்தினால் அரையிறுதி, அதிலும் முந்தினால் இறுதி. பக்கத்துத் தடத்தில் இருப்பவரைத் தோற்கடித்தால் போதும்.

பிரிவு 1 உள்ளரங்கில் அப்படி எந்த ஏணியும் இல்லை. பருவம் முழுவதும் நாடெங்கும் நடக்கும் போட்டிகளில் ஒவ்வொருவரும் செய்த சிறந்த நேரம் அல்லது தூரம் ஒரே தேசியப் பட்டியலில் சேரும். பருவம் முடிந்ததும் ஒவ்வொரு தனிநபர் போட்டியிலும் பட்டியலின் முதல் 16 பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். தொடர் ஓட்டங்களில் முதல் 12 குழுக்கள். யாராவது விலகினால் அடுத்தவருக்கு இடம். அவ்ளோதான்.

உங்கள் கான்ஃபரன்ஸில் தங்கம் வென்றால்கூட நேரடி இடம் கிடையாது. மெதுவான ஓட்டத்தில் முதலாவதாக வந்து, கழுத்தில் பதக்கத்தோடு பட்டியலில் 30-ஆவது இடத்தில் நிற்கலாம். டிசம்பரில் ஒன்பதாவதாக வந்தவர் அதே பட்டியலில் 12-ஆவதாக இருக்கலாம். அவர் ஓடிய ஓட்டத்தில் முன்னால் போன எட்டுப் பேரும் அவரை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

திறந்தவெளிப் பருவத்தில் முறை வேறு. அங்கே நாட்டைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு பக்கமும் 48 பேரை முதல் சுற்றுக்கு அழைப்பார்கள். அதிலிருந்து நேருக்கு நேர் ஓடித்தான் இறுதிக்கு வர வேண்டும். உள்ளரங்கில் இந்த இடைச்சுற்று இல்லை. பட்டியலுக்கும் தேசியப் போட்டிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் டிசம்பரில் ஒரு நல்ல நேரத்தை வாங்கி வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஜனவரி, பிப்ரவரி முழுக்க நிம்மதியாகப் பயிற்சி செய்யலாம். வாராவாரம் விமானம் ஏறி நேரத்தைத் துரத்த வேண்டாம். வாங்கி வைக்காதவர்கள் கான்ஃபரன்ஸ் போட்டிக்குப் பிறகு, களைத்த காலோடு, கடைசி வாய்ப்புப் போட்டிகளுக்கு ஓடுவார்கள். அங்கே இரண்டு நூறில் ஒரு பங்கு விநாடியில் 17-ஆவது இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு டிசம்பர் ஏன் அறுவடைக் காலம்?

எல்லாருக்கும் டிசம்பர் ஒன்றுபோல் இல்லை. குறுந்தூர ஓட்டக்காரருக்கு அது பயிற்சியின் நடுப்பகுதி. எடை தூக்கி, மலை ஏறி ஓடி, கால் கனத்திருக்கும் நேரம். பயிற்றுவிப்பாளர் அவரை 60 மீட்டரில் நிறுத்திப் பார்ப்பார், அல்லது 300 மீட்டர் ஓடச் சொல்வார். 300, 500, 600, 1,000 மீட்டர் எல்லாம் தொடக்கப் போட்டிகளில் அடிக்கடி நடக்கும். தேசியப் போட்டியில் அவை கிடையாது. அதனால் பட்டியல் பயம் இல்லாமல் ஓடிப் பார்க்கலாம். ஒரு 400 மீட்டர் நட்சத்திரம் டிசம்பரில் 300 மீட்டர் மட்டும் ஓடினால் அவருக்குக் காயமோ என்று கவலைப்பட வேண்டாம்.

5,000 மீட்டர் ஓட்டக்காரரின் கதை நேரெதிர். நவம்பர் மூன்றாவது வாரத்தில்தான் அவர் தேசிய கிராஸ் கண்ட்ரி போட்டியை முடித்திருப்பார். ஆண்டிலேயே நல்ல உடல்நிலையில் இருப்பார். அந்த உடல்நிலையைக் கரையவிடாமல் இரண்டு வாரத்தில் ஒரு வேகமான தடத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

அந்தத் தடம் பெரும்பாலும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும். 2002-இல் திறந்த, வளைவுகள் சாய்வாக உயர்ந்த 200 மீட்டர் தடம். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரு பருவத் தொடக்கப் போட்டி நடக்கும். 5,000 மீட்டரில் ஒரே நாளில் பிரிவு பிரிவாக ஓட்டங்கள், முன்னே ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கும் ஆள்கள், ஒரே நேரத்தைத் துரத்தும் ஒரு கூட்டம். கண்ணுக்கு அழகான பந்தயம் என்று சொல்ல மாட்டேன். ரயில் பெட்டிகள்போல வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், 25 சுற்று. ஆனால் கடிகாரம் பேசும்.

2023-ஆம் ஆண்டைப் பாருங்கள். நவம்பரில் தேசிய கிராஸ் கண்ட்ரி பட்டத்தை ஆண்களில் ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்ஸும் பெண்களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பார்க்கர் வால்பியும் வென்றார்கள். சரியாக இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 2-ஆம் தேதி, இருவரும் பாஸ்டன் தடத்தில் 5,000 மீட்டர் ஓடினார்கள். பிளாங்ஸ் 13 நிமிடம் 3.78 விநாடி. வால்பி 14 நிமிடம் 56.11 விநாடி. இரண்டுமே அன்றைக்குக் கல்லூரி உள்ளரங்குச் சாதனைகள். பருவத்தின் முதல் வாரயிறுதியிலேயே!

பிளாங்ஸின் சாதனை இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. ஜனவரி 26-ஆம் தேதி வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் நிக்கோ யங் அதே தடத்தில் 12 நிமிடம் 57.14 விநாடியில் ஓடினார். மார்ச்சில், அதே பாஸ்டன் நகரின் வேறோர் அரங்கில், தேசிய 5,000 மீட்டர் பட்டத்தையும் யங்தான் வென்றார். அந்த இறுதி ஓட்டத்தில் வென்ற நேரம் டிசம்பரில் பிளாங்ஸ் ஓடியதைவிட மெதுவானது. அதில் யாரும் பட்டியலுக்காக ஓடவில்லை, பதக்கத்துக்காக ஓடினார்கள். வேகத்தைப் பிடித்துக் கொடுக்க ஆளும் இல்லை. பெண்களில் வால்பி டிசம்பர் நேரத்தையும் மிஞ்சி 14 நிமிடம் 52.79 விநாடியில் பட்டம் வென்றார். டிசம்பர் நேரம் மார்ச்சுக்கு நுழைவுச்சீட்டு. உள்ளே போன பிறகு நடப்பது வேறு விளையாட்டு.

எங்கே ஓடினாய் என்று ஏன் கேட்கிறார்கள்?

ஒரே பட்டியலில் எல்லாரையும் வைத்தால் ஒரு நியாயக் கேள்வி வரும். சமதளத் தடத்தில் ஓடியவரையும் பாஸ்டனில் ஓடியவரையும் எப்படி ஒப்பிடுவது?

அதற்குத்தான் என்சிஏஏ ஒரு மாற்றுக் கணக்கு வைத்திருக்கிறது. சமதள 200 மீட்டர் தடத்தில் ஓடிய நேரத்தை, சாய்வுத் தடத்தில் ஓடியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுக் கொஞ்சம் குறைப்பார்கள். சாய்வுத் தடமும் பெரிய தடமும் வேகமான வகையில் சேரும். அதனால்தான் முடிவுப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே அவர் ஓடாத ஒரு நேரம் இருக்கும். ஓடிய நேரம் பக்கத்தில் சின்னதாகக் கிடக்கும். முதல் தடவை பார்க்கும்போது ஏதோ தப்பாப் போட்டுட்டாங்க என்றுதான் நினைப்போம்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி சுமார் 1,600 மீட்டர். அங்கே காற்று மெல்லியது. குறுந்தூரத்தில் காற்றின் தடை குறைவு, அதனால் லாபம். 60 மீட்டரில் கிறிஸ்டியன் கோல்மன் 6.34 விநாடி என்ற உலகச் சாதனையை 2018-இல் ஓடியது ஆல்புகர்க்கியில்தான். நெடுந்தூரத்தில் ஆக்சிஜன் போதாது, அதனால் நஷ்டம். ஆகவே உயரத்தில் ஓடிய குறுந்தூர நேரத்தோடு கொஞ்சம் கூட்டுவார்கள், நெடுந்தூர நேரத்தில் கொஞ்சம் கழிப்பார்கள்.

கணக்கு எவ்வளவு துல்லியம் என்பதில் சண்டை ஓயாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், கணக்கை நம்பாமல் வேகமான தடத்துக்கே ஆளை அனுப்புகிறார்கள். பணமுள்ள கல்லூரி விமானச் சீட்டு வாங்கும். பணமில்லாத கல்லூரி பேருந்தில் ஐந்து மணி நேரத்தில் போகக்கூடிய தடத்தோடு நிற்கும். ஒரே காலோடு பிறந்த இரண்டு ஓட்டக்காரர்கள் பட்டியலில் வேறு வேறு இடத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணம். அமெரிக்கக் கல்லூரி எதைத் தேர்வு செய்வது என்று யோசிக்கிறவர்கள் தங்கும் விடுதியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் குளிர்காலப் போட்டி அட்டவணையைக் கேட்பது நல்லது.

ஓடாமல் இருப்பதும் ஒரு முடிவு

தொடக்கப் போட்டிகளில் இன்னொரு கேள்வி இருக்கிறது. முதலாண்டு மாணவர் கல்லூரிச் சட்டை போட்டு ஓட வேண்டுமா, வேண்டாமா?

நீண்டகால விதி இது: கல்லூரியில் முழுநேரம் சேர்ந்த பிறகு ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவங்கள் போட்டியிடலாம். கிராஸ் கண்ட்ரி, உள்ளரங்கு, திறந்தவெளி மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரு பருவத்தைக் கைவசம் சேமித்து வைப்பதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். சேமித்தால் 18 வயதில் செலவழிக்க வேண்டிய பருவத்தை 22 வயதில், உடம்பு முதிர்ந்து வேகம் கூடிய பிறகு செலவழிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், திடல்தடத்தில் ஒரே ஒரு போட்டியில் கல்லூரிக்காக ஓடினால்கூட அந்தப் பருவம் போச்சு. டிசம்பர் முதல் சனிக்கிழமை ஏழு விநாடி ஓடிவிட்டு ஜனவரியில் தொடைத் தசை கிழிந்தால் கணக்கில் ஒரு முழுப் பருவம் கழியும். காயத்துக்கு விலக்குக் கேட்டு மனுப் போடலாம். நிபந்தனைகள் உண்டு, கிடைத்தே தீரும் என்று இல்லை.

அதனால் சிலர் தனியாக ஓடுவார்கள். அதே போட்டி, அதே தடம், ஆனால் கல்லூரிச் சட்டை கிடையாது, கல்லூரியின் செலவு கிடையாது. முடிவுப் பட்டியலில் கல்லூரிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எந்தக் குழுவையும் சேராதவர் என்று போட்டிருக்கும். பருவம் பத்திரம். தேசியப் பட்டியலில் அந்த நேரம் சேராது.

வயதைப் பற்றி யோசிக்கும் சிங்கப்பூர் ஆண்களுக்கு இதில் ஒரு கூடுதல் திருகு உண்டு. தேசிய சேவையை முடித்துவிட்டுப் போகிறவர் முதலாண்டிலேயே 20, 21 வயதில் இருப்பார். சேமித்து வைப்பதற்கு மற்றவர்களுக்கு இருக்கும் காரணம் அவருக்குக் குறைவு. அதோடு உயர்நிலைக் கல்விக்கும் கல்லூரிக்கும் இடையில் இடைவெளி விட்டவர்களுக்குத் தனி விதிகள் வரும். சேவையில் கழிந்த காலத்துக்கு விலக்கு உண்டா, எப்படி என்பதைக் கல்லூரியின் விதிப் பிரிவு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பயிற்றுவிப்பாளர் வாய்வார்த்தையாகச் சொல்வதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பருவத்தைச் செலவழித்துவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் போனவர்களும் உண்டு. 2020 மார்ச் 12-ஆம் தேதி கொவிட் காரணமாக என்சிஏஏ தன் குளிர்காலப் போட்டிகளை ரத்து செய்தது. உள்ளரங்குப் போட்டி மறுநாள் ஆல்புகர்க்கியில் தொடங்க இருந்தது. வீரர்கள் நகரத்துக்கே வந்து இறங்கியிருந்தார்கள். வசந்தகால விளையாட்டு மாணவர்களுக்கு இழந்த பருவம் திரும்பக் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை, பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது காரணம். ஓடாத பந்தயத்துக்குப் பதிலாகப் பயிற்றுவிப்பாளர் சங்கம் தகுதி பெற்ற எல்லாருக்கும் அகில அமெரிக்க விருது கொடுத்தது. அந்த ஆண்டு, டிசம்பரிலிருந்து சேர்த்த பட்டியலே இறுதி முடிவாகிவிட்டது.

இடம் இருக்கிறதா?

2025-இல் இன்னொரு மாற்றம் வந்தது. முன்பு பிரிவு 1 கல்லூரி ஒன்று திடல்தடத்துக்குக் கொடுக்கக்கூடிய உபகாரச் சம்பளம் ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18 என்று இருந்தது. புள்ளி ஆறா? ஆமாம். ஒரு முழுச் சம்பளத்தைப் பலருக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். யாரோ ஒருவருக்கு 'அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்' என்று கேள்விப்பட்டால் அது பாதியா, கால்வாசியா என்று கேட்பதில் தப்பில்லை.

2025 ஜூனில் ஹவுஸ் வழக்குச் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த உச்சவரம்பு நீங்கியது. பதிலாக ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு: ஆண்கள் குழுவில் 45, பெண்கள் குழுவில் 45. 60 மீட்டரிலிருந்து கோலூன்றித் தாண்டுதல்வரை எல்லாருக்கும் சேர்த்து 45. முன்பு உபகாரச் சம்பளம் இல்லாமல் சும்மா சேர்ந்து, இரண்டு ஆண்டு பயிற்சி செய்து, மூன்றாம் ஆண்டில் முளைத்து வருகிறவர்களுக்கு இடம் இருந்தது. இப்போது அந்த இடம் சுருங்கிவிட்டது. டிசம்பர் போட்டியில் ஓரத்தில் நிற்கும் ஒருவர் ஓடும் நேரத்தைப் பயிற்றுவிப்பாளர் முன்பைவிடக் கூர்ந்து பார்ப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

விளம்பரப் பணம் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்க மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். மாணவர் விசாவில் போகும் நம்மவர்களுக்கு அங்கே வேலை செய்து ஈட்டுவதில் கடும் கட்டுப்பாடு உண்டு. அறைத்தோழர் ஷூ விளம்பரம் செய்வதைப் பார்த்து நீங்களும் கையெழுத்துப் போட்டால் சிக்கல் விசாவுக்கு வரும்.

நம் பக்கத்திலிருந்து போனவர்கள்

மலேசியாவின் ஷெரீன் சாம்சன் வல்லபாயைத் தெரிந்திருக்கும். மலேசியப் பெண்கள் 400 மீட்டரில் தேசியச் சாதனை படைத்தவர். அவர் ஓடியது மின்னசோட்டா மாநிலத்தின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக. அது பிரிவு 2. பெரிய பெயர் இல்லாத கல்லூரிக்குப் போனால் வளர முடியாது என்ற நினைப்புக்கு அவர் ஒரு நல்ல பதில். 2022-இல் கொலம்பியாவின் காலி நகரில் உலக இளையர் போட்டியில் 100 மீட்டரை 10.09 விநாடியில் ஓடிய அசீம் ஃபாமி சென்றது அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு. அது பிரிவு 1-இன் நடுக்கூடம். சிங்கப்பூரின் உயரம் தாண்டும் வீரர் கேம்ப்டன் காம் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போனார். அது ஐவி லீக், அங்கே விளையாட்டு உபகாரச் சம்பளமே கிடையாது.

டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் ஷங்கர் 2017-இல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் கல்வியாண்டைச் சேமிக்கவில்லை. 2018-இல் 2.29 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை, அதே ஆண்டு கல்லூரித் தேசியப் பட்டம். 2022-இல் மறுபடியும் பட்டம், காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். பிறகு பத்து அம்சப் போட்டிக்கு மாறி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். உயரம் தாண்டுகிறவர்களுக்கு ஒரு வசதி: கம்பி எங்கே வைத்தாலும் அதே உயரம். சமதளம், சாய்வு என்ற கணக்கே இல்லை.

முடிவுப் பக்கத்தைப் படிப்பது எப்படி?

கல்லூரிப் போட்டி முடிவுகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் சேரும். ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே உச்சரித்து 'டிஃபர்ஸ்' என்பார்கள். நண்பரின் பெயரைத் தேடினால் அவர் கல்லூரியில் ஓடிய எல்லாமே வரும்.

முதலில் இடத்தைப் பார்க்காதீர்கள். போட்டி நடந்த ஊரையும் தடத்தின் வகையையும் பாருங்கள். அப்புறம் எந்தப் பிரிவில் ஓடினார் என்று பாருங்கள். 400 மீட்டரில் 20 பிரிவுகள் இருந்தால், மூன்றாவது பிரிவில் முதலாவதாக வந்தவர் மொத்தத்தில் முப்பதாவதாக இருக்கலாம். பெயருக்கு நேரே கல்லூரி இருக்கிறதா, தனியாக ஓடினாரா? நேரத்துக்குப் பக்கத்தில் மாற்றுக் கணக்கின் குறி இருக்கிறதா? கடைசியாக, அதே போட்டியின் தேசியப் பட்டியலைத் திறந்து 16-ஆவது பெயருக்கு நேரே உள்ள நேரத்தைப் பாருங்கள்.

டிசம்பரில் அந்த 16-ஆவது நேரம் மெதுவாகவே இருக்கும், பாதிப் பேர் இன்னும் ஓடவே இல்லை. ஜனவரி கடைசி வாரத்தில் ஒருமுறை, பிப்ரவரி நடுவில் ஒருமுறை மறுபடி திறந்து பாருங்கள். கோடு ஒவ்வொரு வாரமும் வேகமாகிக்கொண்டே போகும். உங்கள் நண்பர் டிசம்பரில் 12-ஆவதாக இருந்து பிப்ரவரியில் 19-ஆவதாக இறங்கியிருந்தால், கடைசி வாரயிறுதியில் அவர் எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பலாம்.